பெரியவன்

எங்கள் வீட்டில் நான் பெரியவன். எனக்கு ஐந்து வயது மூத்தவரான என் அண்ணன், சின்னவன். விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்: "பெரியவன் ஆஸ்திரேலியாவுல இருக்கான். சின்னவன் அம்மாகூட இருக்கான்." வெளியாருக்குத்தான் இது குழப்பம். எங்களுக்கு நாற்பது வருடப் பழக்கம்.

அண்ணன் பிறந்தது 1974இல். டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர அதன் பிறகு வெகுகாலம் ஆனது. அதுவரை "மூளை வளர்ச்சி கம்மி" என்ற மூன்று சொற்களே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தன. நான் பிறந்தபோது அவர்தான் பெரியவன். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பித்த வருடமோ, மளிகைக் கடைக்குப் போய் மிச்சச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவந்த வருடமோ, பெயர்கள் இடம் மாறின. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. முதலில் அத்தை சொன்னாள், பிறகு பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பிறகு அப்பா. பத்து வயது வாக்கில் நானும் "அண்ணே" என்பதை விட்டுவிட்டு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு வயது மூத்தவனைப் பெயர் சொன்னாலே முதுகில் அடி விழும் தெரு அது. என்னை யாரும் திருத்தவில்லை. இந்தக் கட்டுரையில் அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். பேச்சில் எப்போதும் 'அவன்'தான்.

மெல்பர்னில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் உளவியலை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் ஒரு அட்டவணையைப் பரப்பி வைத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராக அதில் பொருத்திக்கொண்டிருந்தாள். அவள் ஐந்தாவது பருவம். நானும் என் மனைவியும் ஏழாவது. பாட்டி எட்டாவது. "பெரியப்பா எதுல வருவாங்க?" என்று கேட்டாள். "அவரை விட்டுடும்மா, அவருக்கு இது பொருந்தாது" என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமலேயே, "தமிழ்ப் பள்ளில ஃபேமிலி ட்ரீ வரைஞ்சப்பவும் விட்டுடத்தான் சொன்னீங்க" என்றாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே என்ன வேலை என்று எழுத வேண்டும். பெரியப்பா கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். அந்தக் கட்டமே வேண்டாம் என்று சொன்னது நான்தான். எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

அந்த அட்டவணை எரிக் எரிக்சன் போட்டது. உளவியல் படிக்காதவர்களுக்கும் அவருடைய ஒரு சொல் தெரியும்: ஐடென்டிட்டி கிரைசிஸ், அடையாள நெருக்கடி. அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அடையாளம் பற்றி எதுவும் இல்லாத புலம்பெயர் இதழ் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். எனக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு. 1950இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமூகமும்' என்ற நூலில் அவர் மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஓர் இழுபறி. கைக்குழந்தைக்கு உலகத்தை நம்பலாமா கூடாதா என்பது. தவழ்ந்து எழும் பிள்ளைக்குத் தன் விருப்பமா வெட்கமா என்பது. பள்ளி வயதில் உழைப்பின் ருசி, அல்லது தன்னால் ஆகாது என்ற தாழ்வு. பதின்வயதில் நான் யார் என்ற கேள்வி. பிறகு நெருக்கமா தனிமையா. நடுவயதில், அடுத்த தலைமுறையைப் பேணுவதா, தனக்குள்ளேயே தேங்கிப்போவதா. கடைசியில், வாழ்ந்த வாழ்க்கையை இதுதான் என் வாழ்க்கை என்று ஏற்கும் நிறைவு, அல்லது ஆற்றாமை.

எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட திட்டத்தை வாட்டர்ஃபால் என்போம். ஒரு கட்டம் முடிந்து கையெழுத்தானால்தான் அடுத்தது. எந்த ப்ராஜெக்டும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாடிக்கையாளரிடம் காட்ட அந்தப் படம்தான் வசதி. எரிக்சனையும் உலகம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அவர் வரைந்த அட்டவணையோ வேறு மாதிரி. எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு கட்டங்கள். மூலைவிட்டத்தில் இருக்கும் எட்டில் மட்டும் எழுதியிருந்தார். மீதி ஐம்பத்தாறும் காலி. எல்லா இழுபறியும் எல்லா வயதிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது என்பது அவர் கருத்து. பாடப்புத்தகங்கள் காலிக் கட்டங்களை வெட்டிவிட்டு எட்டையும் படிக்கட்டு மாதிரி அடுக்கிக்கொண்டன.

அவருடைய சொந்தக் கதையும் நம் போன்றவர்களுக்கு அருகில் இருக்கிறது. 1902இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். தந்தை யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தாய் மறுமணம் செய்துகொண்ட குழந்தை மருத்துவரையே பெற்ற தகப்பன் என்று சொல்லி வளர்த்தார்கள். உண்மை பிறகுதான் தெரிந்தது. வியன்னாவில் ஆனா ஃப்ராய்டிடம் பயின்று, 1933இல் ஐரோப்பாவை விட்டு வெளியேறி, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெறும்போது தனக்குத் தானே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். எரிக்சன் என்றால் எரிக்கின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமலேயே பிறகு ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார். மகளுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டியபோது, "கூல்" என்றாள். அடுத்த பகுதியை அவளிடம் உடனே சொல்லவில்லை.

1944இல் எரிக்சனுக்கும் அவர் மனைவி ஜோனுக்கும் நான்காவது குழந்தை பிறந்தது. நீல் என்று பெயர். டவுன் சிண்ட்ரோம். ஜோன் மயக்க மருந்தின் பிடியில் இருந்தபோதே எரிக்சன் மருத்துவர்களையும் நண்பர்களையும் கலந்துகொண்டு குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். வீட்டில் இருந்த பிள்ளைகளிடம், குழந்தை பிறந்ததும் இறந்துவிட்டது என்று சொன்னார். நீல் இருபது வயதைத் தாண்டி வாழ்ந்தான். அவன் இறந்தபோது பெற்றோர் இத்தாலியில் இருந்தார்கள். காரியங்களைப் பார்த்துக்கொள்ளும்படி அங்கிருந்து அமெரிக்காவில் இருந்த பிள்ளைகளிடம் சொன்னார்கள். லாரன்ஸ் ஃப்ரீட்மன் 1999இல் எழுதிய எரிக்சனின் வாழ்க்கை வரலாற்றில் இது விரிவாக இருக்கிறது. மகள் சூ, 2005இல் வெளிவந்த தன் நினைவு நூலில் அந்த வீட்டின் மௌனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நீல் பிறந்து ஆறு வருடம் கழித்து, வெள்ளை மாளிகை கூட்டிய குழந்தைகள் மாநாட்டுக்காக எரிக்சன் ஜோனின் துணையுடன் ஒரு கட்டுரை தயாரித்தார். பருவங்களைப் பற்றியதுதான். ஆரோக்கியமான ஆளுமையின் வளர்ச்சி என்பது அதன் பொருள். அட்டவணை உருவான விதத்தை ஜோன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். முதலில் ஏழு பருவங்கள்தான் இருந்தனவாம். ஒரு கார்ப் பயணத்தின்போதுதான், அட்டவணை இளமையின் நெருக்கத்திலிருந்து நேராக முதுமைக்குத் தாவுகிறது, நடுவில் தாங்கள் இருவரும் இருக்கும் பருவத்தையே விட்டுவிட்டோம் என்று கண்டுகொண்டார்களாம். பேணும் பருவம். அதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எரிக்சனைத் திட்டுவது சுலபம். 1944இல் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்தால் காப்பகத்துக்கு அனுப்பும்படி மருத்துவர்கள் சொல்வது அங்கே வழக்கமான ஒன்று. நாற்பத்திரண்டு வயது மனிதர், மனைவி மயக்கத்தில், வீட்டில் மூன்று பிள்ளைகள். அனுப்பியதை நான் புரிந்துகொள்கிறேன். பொய்யைத்தான் விட முடியவில்லை. தகப்பன் விஷயத்தில் தன்னிடம் பொய் சொல்லப்பட்டது என்பதைச் சுமந்துகொண்டு வளர்ந்த ஒருவர், உயிரோடு இருக்கும் தம்பியைச் செத்துவிட்டான் என்று தன் பிள்ளைகளிடம் சொல்கிறார். ஏன்? என் ஊகம் இது: கதை சொல்லும் வசதிக்காக. எட்டுப் பருவம் என்பது ஒரு கதை. அதில் முன்னேறாத ஒருவனை வைத்துக்கொண்டு கதையைச் சொல்ல வராது.

ஊகம் என்று சொன்னாலும் எனக்கு இது சொந்த அனுபவம். முதுகலை படிக்க வந்த புதிதில், நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில், முதல் வாரம் ஒருவன் கேட்டான், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று. "நான் ஒருத்தன்தான்" என்றேன். வெறுப்பினால் சொல்லவில்லை; விளக்க வேண்டியிருக்குமே என்ற அலுப்பினால். இரண்டாவது முறை சொன்னதற்குக் காரணம், முதல் முறை சொல்லியிருந்தேன் என்பதுதான். அதற்குப் பிறகு அது என் சுயவிவரம் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போனதற்கு முந்தின நாள் அண்ணனைப் பண்ருட்டியில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அவர் அங்கேதான். நிச்சயம் முடிந்து ஒரு மாதம் கழித்து நான் தொலைபேசியில் சொன்னேன். என் மனைவி ஆகப் போகிறவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க வந்தப்ப அவர் எங்க இருந்தார்?" என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லவில்லை.

மகள் கேட்டதற்கு வருகிறேன். அண்ணன் எந்தப் பருவத்தில் இருக்கிறார்?

அவரை ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். நாலு மாதத்தில், மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் இருபது வயதிலிருந்து பதினோரு வருடம், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனது அவர்தான். பன்னிரண்டு மணிக்குத் தூக்குவாளியோடு கிளம்புவார். ஒரு நாள்கூட ரசம் சிந்தியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். வழியில் கேட்டடியில் ரயிலுக்காக நின்றால், கேட் கீப்பருக்கு வணக்கம் வைப்பார். அவரும் எழுந்து நின்று பதில் வணக்கம் வைப்பாராம். எரிக்சன் சொன்ன உழைப்பின் ருசி இதில் இல்லையா? 2005இல் அப்பா ஓய்வு பெற்றார். மாலை போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அன்று அண்ணனுக்கும் வேலை போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஒரு வாரம் பன்னிரண்டு மணிக்கு வெறும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே தொலைபேசியில் சொன்னாள். நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில் எரிக்சனுடைய இன்னொரு கருத்து எனக்கு உதவுகிறது. தலைமுறைகளின் பருவங்களைப் பற்சக்கரங்கள் மாதிரி ஒன்றோடொன்று கவ்வி ஓடுபவையாக அவர் பார்த்தார். யோசித்துப் பார்த்தால், எந்தப் பருவமும் ஒரு தனி ஆளுடைய சாதனை கிடையாது. கைக்குழந்தைக்கு நம்பிக்கை வருவது, போன தாய் திரும்பி வருவதால். பள்ளிப் பிள்ளைக்கு உழைப்பில் ருசி வருவது, யாரோ ஒருவர் அந்த உழைப்பை வாங்கிக்கொள்வதால். பாதி நம்மிடம், பாதி எதிராளியிடம். அப்படியானால் அண்ணன் ஒரு பருவத்தில் தேறவில்லை என்று சொல்லும்போது, தேறாதவர்களின் பட்டியலில் இன்னும் சில பெயர்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நாலு மாதத்தில் திருப்பி அனுப்பிய பள்ளி. பெயரை இடம் மாற்றிய தெரு. பத்து வயதில் "அண்ணே"யை விட்ட நான். பத்து வயதுப் பையனைக் குற்றவாளி ஆக்குகிறேனா என்று மனைவி கேட்டாள். பத்து வயதில் விட்டதை முப்பது வயதில் எடுத்துக்கொண்டிருக்கலாமே.

பருவம் பிரிப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களில்லை. பேதை முதல் பேரிளம்பெண் வரை உலா இலக்கியம் பெண்ணுக்கு ஏழு பருவம் வைத்தது. பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வயதோடு கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் வாழ்பவளுக்குப் பெயர் கிடையாது. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், ஆட்சி செய்துகொண்டிருந்த சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். படை நடத்துகிற அரசனைச் செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு என்று கேட்பது மரபில் பெரிய அன்பு. எங்கள் அம்மாவும் ஐம்பது வருடமாக ஒரு பிள்ளைத்தமிழ் பாடிக்கொண்டிருக்கிறாள். எழுபத்தேழு வயதில் தினமும் அவருக்குத் தலை வாரி விடுகிறாள். முள் எடுத்து மீன் ஊட்டுகிறாள். "என் குழந்தை" என்பாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை, அது அன்புதான். ஆனால் குலோத்துங்கன் பாட்டு முடிந்ததும் எழுந்து அரியணைக்குப் போய்விடுவான். அண்ணன் எங்கே போவார்? குழந்தை என்ற சொல் அவரைவிட எங்களுக்குத்தான் வசதியாக இருந்தது. குழந்தைக்குச் சொத்தில் கையெழுத்து வேண்டாம். அப்பா வீட்டை என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதினார், "பெரியவன் பார்த்துப்பான்" என்று. பத்திரத்தில் அண்ணன் பெயர் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

குழந்தை கொள்ளி வைக்கவும் வேண்டாம். இதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

2022இல் அப்பா இறந்தார். தந்தைக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியவன் வரட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். நான் சிங்கப்பூர் வழியாக வந்து சேர்வதற்குள் இரண்டாம் நாள் ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளும் அண்ணன் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணாடியில் பனி படரும்போதெல்லாம் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். மயானத்தில் காரியம் செய்து வைத்தவர் வெளியூர்க்காரர், எங்கள் வீட்டு வழக்கு அவருக்குத் தெரியாது. "மூத்த பிள்ளை முன்னால வாங்க" என்றார். அண்ணன் ஓரடி எடுத்து வைத்தார். என்னைப் பார்த்து, "நானு?" என்றார்.

மாமா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். அன்பாகத்தான். நான் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

தான் மூத்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமும் தெரிந்திருந்தது. எல்லாரும் சின்னவன் என்று கூப்பிட்டபோதும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, எண்ணிக்கை தெரியாது என்று நாங்கள் முடிவுகட்டியிருந்த மனிதருக்கு, யாருக்குப் பிறகு யார் என்ற அந்த ஒரு வரிசை தெரிந்திருந்தது. தமிழில் உறவுப்பெயர் தகுதி பார்த்து வருவதில்லை. நான் பிறந்த அன்றைக்கே அவர் அண்ணன். அதற்கு அவர் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியதில்லை. என் மகள் பிறந்த அன்றைக்கே பெரியப்பா. அந்த ஒரு பதவியையும், அவர் எந்தத் தேர்வும் எழுதாமல் பெற்றதை, நாங்கள் தேர்வு வைத்துப் பிடுங்கிக்கொண்டோம்.

அப்பா போன பிறகு அம்மாவையும் அண்ணனையும் இங்கே கூட்டிவந்துவிடலாமா என்று ஒரு குடிவரவு ஆலோசகரிடம் கேட்டேன். அவர் சங்கடத்துடன் விளக்கினார். ஆஸ்திரேலிய விசாவுக்கு உடல்நலத் தேவை என்று ஒன்று உண்டு. ஒருவரால் அரசுக்கு எவ்வளவு மருத்துவ, சமூகச் செலவு வரும் என்று மதிப்பிடுவார்கள். வரம்பைத் தாண்டினால் மறுப்பு. நிரந்தர விசாக்கள் பெரும்பாலானவற்றில் சேர்ந்து விண்ணப்பிப்பவர்களில் ஒருவர் தேறாவிட்டால் யாருக்கும் கிடையாது. கோபமாக வீட்டுக்கு வந்தேன். ஒரு மனிதரை டாலரில் எடைபோடுகிறார்கள் என்று மனைவியிடம் கத்தினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த அரசாங்கமாவது எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்கிறது என்று எனக்கே அப்புறம் தோன்றியது.

அந்த வருடம் ஆடியில் அம்மா தொலைபேசியில் சொன்னாள், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று. எங்கள் ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் இருக்கும் கோயில். குறையை மனுப்போல ஒரு தாளில் எழுதிக் கட்டினால் சாமி விசாரித்துத் தீர்த்து வைப்பார் என்பது நம்பிக்கை. திருட்டுப்போன நகை, ஏமாற்றின பங்காளி, வராத கடன், எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். "எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போயிடணும்னு எழுதினேன்" என்றாள். அழவில்லை. மின்கட்டணம் கட்டிவிட்டேன் என்பது போலச் சொன்னாள்.

இப்படி வேண்டிக்கொள்ளும் தாய்மார்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். தாய்ப்பாசத்தின் உச்சம் என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படி எழுத முடியவில்லை. பிராது என்றால் புகார். புகாருக்கு எதிர்த்தரப்பு என்று ஒருவர் இருக்க வேண்டும். யார் என்று அம்மா சொல்லவில்லை. எட்டாவது பருவத்தில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து நிறைவு கொள்ள வேண்டிய கிழவிக்கு, முதல் பருவத்தின் கேள்வி திரும்பி வந்திருக்கிறது: நம்பலாமா, கூடாதா. நான் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். வீட்டுக்கு ஆள் வைத்திருக்கிறேன். வாரம் மூன்று முறை வீடியோவில் பேசுகிறேன். இத்தனைக்கும் பிறகு, தன் மகனை என்னிடம் விட்டுவிட்டுப் போவதைவிட அவனுடைய சாவையே பார்த்துவிடலாம் என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். அவள் கணக்கு தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

எரிக்சன் 1994இல் முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் இறந்தார். ஜோன் அதன் பிறகு மூன்று வருடம் இருந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு, கணவரின் அட்டவணையில் ஒன்பதாவது பருவம் ஒன்றைச் சேர்த்து எழுதினார். அது 1997இல் வெளியானது. எட்டுப் பருவங்களின் இழுபறியும் முதுமையின் கடைசியில் மறுபடி வரும், ஆனால் இந்த முறை இருட்டுப் பக்கம் முதலில் வரும் என்பது அதன் சாரம். கால் தடுமாறும்போது நம்பிக்கையின்மை முதலில். சிறுநீர் அடங்காதபோது வெட்கம் முதலில். தன் உடம்பில் பார்த்து எழுதியது. எட்டையும்விட இந்த ஒன்பதாவதை நான் அதிகம் நம்புகிறேன். ஏறியதெல்லாம் இறங்கும், யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் மிச்சம் என்று ஒத்துக்கொள்கிற பக்கங்கள் அவை. நீல் பிறந்தபோது இந்தப் பக்கங்கள் இருந்திருந்தால் என்று யோசித்தேன். வீண் யோசனை.

அண்ணன் அந்த ஒன்பதாவதுக்குள் போய்க்கொண்டிருக்கிறார். ஐம்பத்தொரு வயதில். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் சீக்கிரம் வரும். அதற்குத் தொடர்புள்ள ஒரு மரபணு இருபத்தோராவது குரோமோசோமில் இருக்கிறது. அது அவர்களிடம் மூன்று பிரதிகள். முன்பெல்லாம் அந்த வயதுவரை அவர்கள் வாழ்வதே அபூர்வம் என்பதால் பலருக்கு இது தெரியாமல் இருந்தது. தண்ணீர் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்துவது அப்பா போன பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை. நிறுத்த மறந்துவிடுகிறார் என்று அம்மா சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

போன டிசம்பரில் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். கிளம்புவதற்கு முன்பே மகளிடம் நீலைப் பற்றிச் சொல்லிவிட்டேன், என் 'ஒருத்தன்தான்' கதையோடு சேர்த்து. அவள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பெரியப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "ஷ்யூரா?" என்றாள். ஊரில் அவள் பாதி நாளைப் பெரியப்பாவோடு கழித்தாள். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை டைமரை மாட்டி, மணி அடித்ததும் நிறுத்த வேண்டும் என்று பழக்கினாள். ஐந்து நாள் சரியாக நடந்தது. ஆறாம் நாள் மணி அடிக்க அடிக்க அதைக் கையில் பிடித்துக் கேட்டுக்கொண்டே நின்றார். தண்ணீர் மாடியிலிருந்து கொட்டியது.

வீட்டுப் பத்திரத்தை மாற்றி எழுத ஒரு வக்கீலைப் பார்த்தேன். மகள் கல்லூரிக்குப் போன பிறகு வருடத்தில் பாதி அங்கிருந்து வேலை செய்ய முடியுமா என்று என் வாடிக்கையாளர்கள் இருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். மனைவியிடமும். அம்மாவிடம் சொன்னபோது, "பார்க்கலாம்" என்றாள். பிராதை வாபஸ் வாங்கினாளா என்று கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிக்கொண்டிருந்தது, உள்ளே வரச் சொல்ல வேண்டும். "அண்ணே" என்றேன். வாயில் அந்தச் சொல் எப்படியோ இருந்தது. அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, "அண்ணே" என்றேன். அவர் கேட்டுக்கு வெளியே தலையை நீட்டி, தெருவில் வந்துகொண்டிருப்பது யார் என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.